ஆர்டர் போட்ட பிறகு விலை ஏறினால்: கட்டுவதா, விடுவதா, மல்லுக்கு நிற்பதா?

மின்னஞ்சல் இப்படி வந்திருந்தது: "தாங்கள் ஆர்டர் செய்த பொருளின் விலை திருத்தப்பட்டுள்ளது. மீதித் தொகையை 48 மணி நேரத்துக்குள் செலுத்தினால் பொருள் உடனே அனுப்பப்படும். விருப்பமில்லையெனில் ஆர்டரை ரத்து செய்துகொள்ளலாம்." அதன் கீழே இரண்டு பொத்தான்கள். பச்சை நிறத்தில் 'மீதியைச் செலுத்து', சாம்பல் நிறத்தில் 'ரத்து செய்'. 'நீங்கள் சொன்ன விலைக்கே அனுப்புங்கள்' என்று மூன்றாவதாக ஒரு பொத்தானைக் காணவில்லை.

முதுகுவலிக்காகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நாற்காலி அது. முழுப் பணமும் கட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. இப்போது விலையில் ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாகக் கேட்டார்கள். வந்த கோபத்தில் சாம்பல் பொத்தானை அழுத்தப் போய், கடைசி நொடியில் விட்டுவிட்டேன். அந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

ரத்து யார் கையால் நடந்தது என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் எல்லாம் அமையும். நீங்களே ரத்து செய்தால் கடையின் பதிவில் 'வாடிக்கையாளர் மனம் மாறினார்' என்று விழும். அதோடு நீங்கள் கேட்க ஒன்றும் இல்லை. கடை ரத்து செய்தால், ஒப்புக்கொண்ட விலைக்குத் தர மறுத்தது கடைதான் என்பது பதிவாகும். பல விற்பனையாளர்கள் ஒரே தளத்தில் கடை விரித்திருக்கும் இடங்களில் இது இன்னும் முக்கியம். அங்கே விற்பவர் ரத்து செய்தால் அவருடைய கணக்கில் கரும்புள்ளி விழும். விற்பனையாளர்கள் தாங்களாக ரத்து செய்யும் ஆர்டர்கள் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று அமேசான் வரம்பே வைத்திருக்கிறது. அதனால்தான் சிலர் போன் போட்டு, "நீங்களே கேன்சல் பண்ணிடுங்க, பணம் சீக்கிரம் வந்துடும்" என்று தேனொழுகப் பேசுவார்கள். ஆர்டர் எப்படி ரத்தானாலும் பணம் வந்தே தீர வேண்டும். அந்த அவசரம் அவர்களுடைய கரும்புள்ளிக்காக.

ஆக, அந்த இரண்டு பொத்தான்களையும் கொஞ்ச நேரம் மறந்துவிடலாம். வேறு வழிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வழியின் முடிவிலும் கைக்கு வருவது வேறு வேறு. ஒன்றில் பொருள் வரும், ஒன்றில் பணம் வரும், இன்னொன்றில் மனத்திருப்தி மட்டும் வரும். உங்களுக்கு வேண்டியது எது என்று முடிவு செய்யாமல் இறங்கினால், நாற்காலிக்காகத் தொடங்கிய சண்டை பணத்தைத் திரும்ப வாங்கும் சண்டையாக மாறி, அதில் ஜெயித்த பிறகும் தரையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

விலை நிஜமாகவே மாறியதா?

கேட்கவே சங்கடமான கேள்விதான். ஆனால் 'விலையை ஏற்றிவிட்டார்கள்' என்ற புகார்களில் ஒரு பகுதி இங்கேயே விழுந்துவிடும். கார்ட்டில் போட்டு வைத்த பொருளின் விலை பூட்டி வைத்த விலை அல்ல. காலையில் போட்டுவிட்டு இரவில் பணம் கட்டினால் இரவு விலைதான். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கியிருந்தால், கார்டு கணக்கில் கூடுதலாகத் தெரிவது வங்கி போட்ட நாணய மாற்றுக் கட்டணமாக இருக்கலாம். சுங்க வரி என்றால் அது கடையின் பைக்கே போவதில்லை. கூப்பன் கழிவு விடுபட்டிருந்தால் அது விலை மாற்றத்தில் சேராது. கஸ்டமர் கேரில் பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுக்கிற விஷயம்.

இதையெல்லாம் கழித்த பிறகும், உறுதி மின்னஞ்சலில் உள்ள தொகையும் இப்போது கேட்கும் தொகையும் வேறாக இருந்தால் சரி, விலை மாறியிருக்கிறது. உடனே அந்த மின்னஞ்சலையும், ஆர்டர் பக்கத்தையும், பொருளின் இன்றைய விலைப் பக்கத்தையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய விலைக்குச் சான்று இல்லையென்றால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எப்போதும் இருக்காது. இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பெற்றுக்கொண்டோமா, ஏற்றுக்கொண்டோமா

கடையின் மின்னஞ்சலில் ஒரு வினைச்சொல்லைத் தேடுங்கள். 'உங்கள் ஆர்டரைப் பெற்றுக்கொண்டோம்' என்பதும் 'ஏற்றுக்கொண்டோம்' என்பதும் ஒன்றல்ல. கடையில் விலை போட்டு வைப்பது 'வந்து கேளுங்கள்' என்ற அழைப்பு மட்டுமே. வாங்குபவர் ஆர்டர் போடுவதுதான் முன்மொழிவு. கடை அதை ஏற்கும்போதுதான் ஒப்பந்தம் பிறக்கிறது. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் பொதுவான நிலை இது. இதைத் தெரிந்துகொண்டே பல தளங்கள், பொருளை அனுப்பிவிட்டோம் என்று சொல்லும் மின்னஞ்சல்தான் ஏற்பு என்று தங்கள் விதிமுறைகளில் எழுதி வைத்திருக்கின்றன. அப்படி எழுதியிருந்தால் அனுப்புவதற்கு முன் பின்வாங்க அவர்களுக்கு இடம் இருக்கிறது. எழுதாமல், 'ஆர்டர் உறுதி செய்யப்பட்டது' என்றும் சொல்லி, பணத்தையும் எடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

பணத்தை 'எடுத்தார்களா' என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கார்டில் வாங்கும்போது சில கடைகள் தொகையைப் பிடித்து மட்டும் வைக்கும், பொருள் கிளம்பும்போதுதான் எடுக்கும். வங்கிச் செயலியில் அது 'நிலுவை' என்று தெரியும்.

இரண்டு பழைய சம்பவங்கள் இந்த இடத்தில் உதவும். 2003 ஜனவரியில் சிங்கப்பூரின் டிஜிலேண்ட்மால் என்ற தளத்தில் 3,854 சிங்கப்பூர் டாலர் மதிப்புள்ள லேசர் பிரிண்டருக்குத் தவறுதலாக 66 டாலர் என்று விலை விழுந்துவிட்டது. ஆறு நண்பர்கள் நள்ளிரவில் ஒருவரையொருவர் எழுப்பி 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். கணினி தானாகவே உறுதி மின்னஞ்சல்களும் அனுப்பியது. கடை மறுத்தது. வழக்கு 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், அவர்கள் தோற்றார்கள். உறுதி மின்னஞ்சல் இருந்தும் ஏன் தோற்றார்கள்? விலை தவறு என்று தெரிந்தேதான் வாங்கினார்கள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட இணைய உரையாடல்களும், உண்மை விலை என்ன என்று இணையத்தில் தேடிப் பார்த்ததும் அவர்களுக்கே எதிராகத் திரும்பின.

பிரிண்டர் சம்பவத்துக்கு ஓராண்டு முன்னால், 2002 தொடக்கத்தில், பிரிட்டனில் கோடாக் தளத்தில் 329 பவுண்டு கேமரா 100 பவுண்டுக்கு வந்தது. அங்கேயும் தவறுதான். ஆனால் சிறப்புச் சலுகை என்று நம்பக்கூடிய தோற்றத்தில் இருந்தது. உறுதி மின்னஞ்சலும் வந்திருந்தது. வாங்கியவர்கள் வழக்குப் போடத் தயாரானதும் கோடாக் இறங்கிவந்து அதே விலைக்குக் கொடுத்தது.

இரண்டுக்கும் நடுவே உங்கள் ஆர்டர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விலை நம்பும்படியாக இருந்ததா? ஒன்று வாங்கினீர்களா, ஒரு லாரி நிறைய வாங்கினீர்களா? என் நாற்காலிக்குக் கால் பங்குதான் வித்தியாசம். யாரும் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்திருக்க முடியாது.

பேசாமல் மீதியைக் கட்டுவது

இதை யாருமே பரிந்துரைப்பதில்லை. நான் சில நேரம் பரிந்துரைப்பேன். புது விலையிலும் வேறு எங்கேயும் கிடைக்காத பொருள், நாளைக்கே வேண்டும், வித்தியாசமும் சொற்பம் என்றால் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். ஆனால் கட்டும் முன் மற்ற தளங்களில் விலை பாருங்கள். இன்னொன்று: 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். பின்னால் வித்தியாசத்தைக் கேட்க ஒரு நூலிழையாவது மிச்சமிருக்கும். எதுவும் சொல்லாமல் கட்டினால் புது விலைக்கு நீங்கள் சம்மதித்ததாகவே ஆகும்.

கேஷ் ஆன் டெலிவரி என்றால் கதை வேறு. வாசலில் வந்து கூடுதல் கேட்டால் பொருளை வாங்காமல் திருப்பி அனுப்பலாம். டெலிவரிக்கு வந்த பையனிடம் சண்டை போடாதீர்கள், அவருக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை.

எழுத்தில் கேட்பது

என் கணக்கில் தொடங்க வேண்டிய இடம் இதுதான். பொருளையும் பழைய விலையையும் சேர்த்துத் தரக்கூடிய வழி இது ஒன்றுதான். போனில் கேட்பது கேட்டதாகவே ஆகாது. அந்தப் பக்கம் இருப்பவர் அனுதாபமாகப் பேசுவார், 'மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறேன்' என்பார், மறுநாள் வேறொருவர் முதலிலிருந்து கதை கேட்பார். மின்னஞ்சல் போதும். அரட்டைப் பெட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால் உரையாடலை முழுதாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

"ஆர்டர் எண் இன்னது. இன்ன தேதியில் உங்கள் தளத்தில் காட்டிய விலையை முழுமையாகச் செலுத்தி இந்தப் பொருளை வாங்கினேன். அன்றே ஆர்டரை உறுதி செய்து மின்னஞ்சல் அனுப்பினீர்கள், இணைத்திருக்கிறேன். அதன்பின் விலையை உயர்த்தியதை நான் ஏற்கவில்லை. ஆர்டரை நான் ரத்து செய்யவும் இல்லை. ஒப்புக்கொண்ட விலைக்கே பொருளை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்ன தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். மறுப்பதாக இருந்தால், உங்கள் விதிமுறைகளில் எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்றும் தெரிவிக்கவும்."

இதில் கோபம் இல்லை, ஏமாற்று, மோசடி போன்ற சொற்கள் இல்லை. முதல் வரைவில் எல்லாம் இருந்தன, அழித்துவிட்டேன். 'ரத்து செய்யவும் இல்லை' என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 48 மணி நேரம் கழித்து அவர்களாக ரத்து செய்துவிட்டு 'நீங்கள் பதில் சொல்லவில்லை' என்று சொல்ல அது இடம் தராது. கடைசி வரியும் சும்மா போட்டதில்லை. எந்தப் பிரிவு என்று கேட்டால் முதல் வரிசையில் இருக்கும் ஊழியரிடம் அதற்கு ஆயத்தப் பதில் இருக்காது. கடிதம் மேலே போகும்.

எனக்கு முதலில் வந்தது அச்சடித்த பதில்: 'தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்.' அதற்கு, கோளாறு எந்தத் தேதியில் நடந்தது, ஏன் அதன்பிறகும் ஒரு நாள் முழுக்க அதே விலை தளத்தில் இருந்தது என்று ஸ்கிரீன்ஷாட்டுடன் கேட்டேன். இரண்டாவது பதிலில் ஒரு மனிதரின் பெயர் இருந்தது. அப்புறம்தான் பேச்சுவார்த்தை என்று ஒன்று நடந்தது.

'ஸ்டாக் இல்லை' என்று சொல்லி ரத்து செய்துவிட்டு, அதே பொருளைக் கூடுதல் விலைக்கு மறுபடி போடுகிற கடைகளும் உண்டு. லாகின் செய்யாத ஜன்னலில் அன்றே திறந்து பாருங்கள். கிடைத்தால் அந்தப் படத்தைக் கடிதத்தோடு சேருங்கள்.

பாதியில் சந்திப்பது

நிறைய பேர் இதைத் தோல்வி என்று நினைக்கிறார்கள். எனக்கு இது பல நேரம் இருப்பதிலேயே நல்ல பேரமாகப் படுகிறது. பழைய விலைக்கே கொடுத்தால் மற்ற எல்லோரும் கேட்பார்களே என்ற பயம் கடைக்கு உண்டு. வேறு ஒரு பெயரில் கொடுக்க வழி காட்டினால் இறங்கிவரும். வித்தியாசத்தில் பாதி, இலவச டெலிவரி, அதே விலைக்கு அதே தரத்தில் வேறு மாடல் என்று நீங்களே இரண்டு யோசனைகளை முன்வையுங்கள். அவர்களாகத் தரும் முதல் யோசனை அநேகமாக அடுத்த வாங்குதலுக்கான கூப்பனாக இருக்கும். காலாவதி தேதியும் குறைந்தபட்ச வாங்குதல் தொகையும் போட்ட கூப்பனில் கடைக்குத்தான் லாபம்.

எனக்குக் கிடைத்தது வேறு நிறம். கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம் என்றால் பழைய விலைக்கே தருவதாகச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டேன். முதுகுக்கு நிறம் தெரியாது.

பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகுவது

விலை வெளிப்படையான பிழை என்றால், அதாவது பிரிண்டர் கதை மாதிரி என்றால், நேரே இங்கே வந்துவிடுவது நல்லது. இதே பொருள் வேறு கடையில் உங்கள் பழைய விலைக்கே கிடைத்தாலும் அப்படித்தான். அப்போதும் ரத்தை அவர்களே செய்யட்டும் என்று எழுதுங்கள்.

பணம் எங்கிருந்து போனதோ அங்கேயே திரும்ப வர வேண்டும். 'உடனே வாலட்டில் போட்டுவிடுகிறோம்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாலட்டில் விழுந்த பணத்தை அந்தக் கடையில்தான் செலவழிக்க முடியும், அதுவும் ஏற்றிய விலையில். கார்டுக்கு ரீஃபண்ட் போட்டாயிற்று என்று கடை சொல்லியும் ஒரு வாரம், பத்து நாள் பணம் வரவில்லை என்றால் கடையிடம் ஏஆர்என் எண் கேளுங்கள். அந்த 23 இலக்க எண்ணைக் கொடுத்தால் உங்கள் வங்கி பணம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும். எண்ணே தர முடியவில்லை என்றால் ரீஃபண்ட் இன்னும் கிளம்பவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வங்கி வழியாகப் போவது

சார்ஜ்பேக் என்றால் கடை எடுத்த பணத்தை வங்கி மூலமாகத் திரும்ப இழுப்பது. இது பலமான ஆயுதம்தான், ஆனால் பணத்தை மட்டுமே கொண்டுவரும். பழைய விலைக்குப் பொருள் வேண்டும் என்பவருக்கு இது தவறான கதவு. கடை ரீஃபண்டும் தராமல் பொருளும் அனுப்பாமல் இழுத்தடித்தால் இதை எடுங்கள். இன்னும் பொருத்தமான இடம் ஒன்று உண்டு: சேமித்து வைத்திருந்த கார்டிலிருந்து உங்களைக் கேட்காமலே வித்தியாசத்தை எடுத்துக்கொண்டால், அந்த வித்தியாசத்துக்கு மட்டும் புகார் கொடுக்கலாம். உறுதி மின்னஞ்சலில் ஒரு தொகை, கார்டில் வேறு தொகை. வங்கிக்கு இதைவிட எளிய கேஸ் வராது.

கெடு உண்டு. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல வகைப் புகார்களுக்கு 120 நாள். அமெரிக்கச் சட்டப்படி, தவறான தொகை முதலில் தெரிந்த அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டும். பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், கடையோடு கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. அங்கே நஷ்டத்தையே கேட்கலாம் என்பதால் அது சார்ஜ்பேக்கைவிட ஒரு படி மேல். உங்கள் நாட்டில் என்ன கெடு என்று வங்கியிடம் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். 'இன்னும் இரண்டு நாள்' என்று கடை உங்களைத் தள்ளிக்கொண்டே போவது சில நேரம் இந்தக் கெடுவைத் தாண்டத்தான்.

இதற்கு விலையும் உண்டு. சில தளங்கள் சார்ஜ்பேக் போட்டவர் கணக்கை மூடிவிடும். அந்தக் கணக்கில் மின்னூல்களோ விளையாட்டுகளோ வாலட் இருப்போ வைத்திருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

புகார் அமைப்பும் நீதிமன்றமும்

வித்தியாசம் பெரிது, சான்று பலம், கடை உங்கள் நாட்டிலேயே பதிவு செய்தது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் எனக்கு இது தோன்றும். நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுப்பது பெரும்பாலும் செலவில்லாதது. நோட்டீஸ் போனதுமே சில கடைகள் பணிந்துவிடும். வழக்கு என்று போவதானால் ஒன்றை முன்கூட்டியே செய்யுங்கள். கடை மறுத்த பிறகு அதே பொருளை வேறு கடையில் நியாயமான விலைக்கு வாங்கி ரசீதை வையுங்கள். ஒப்புக்கொண்ட விலைக்கும் நீங்கள் கடைசியில் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் நஷ்டம். மன உளைச்சல் என்று பெரிய தொகை எழுதுவதைவிட இந்த ஒரு ரசீது அதிகம் பேசும்.

சமூக ஊடகத்தில் போடுவதைப் பற்றிக் கேட்பீர்கள். வேலை செய்கிறது, சில நேரம். எழுத்தில் கேட்டு மறுத்த பிறகு, ஆர்டர் எண்ணை மறைத்து, நடந்ததை மட்டும் எழுதுங்கள். முதல் நாளே போட்டால் கடையின் விளம்பரப் பிரிவு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடும், விலை அப்படியே இருக்கும்.

விலை இறங்கினால்?

வாங்கிய மறுநாளே விலை குறைந்து வயிறு எரிவதும் நடக்கும். இங்கே உரிமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சில கடைகள் சில நாட்களுக்குள் கேட்டால் வித்தியாசத்தைத் திருப்பித் தரும், கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. தரவில்லை என்றால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்கலாம். பொருள் வந்துவிட்டிருந்தால் திருப்பி அனுப்பும் வசதியைப் பயன்படுத்தலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் கையில் வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு குறைந்த விலையின் லாபத்தைத் தின்றுவிடுகிறதா என்று மட்டும் கணக்குப் பாருங்கள்.

வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலில் குறைந்த விலையில் புது ஆர்டரைப் போட்டு, அது உறுதியான பிறகு பழையதைத் தொடுங்கள். பழையதை முதலில் ரத்து செய்துவிட்டுப் போனால் 'ஸ்டாக் இல்லை' என்ற பலகை காத்திருக்கும். பணம் சில நாள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ளும், பரவாயில்லை. புது உறுதி மின்னஞ்சல் கையில் இருந்தால், அந்தச் சாம்பல் பொத்தானை இந்த ஒரு முறை நீங்களே அழுத்தலாம்.